கடைசி அலசல்

அந்தக் கோடையில் கிணற்று மோட்டார் முதலில் இருமியது. பிறகு காற்றை விழுங்கி ஏப்பம் விட ஆரம்பித்தது. மாடியறையில் காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்த அண்ணன்தான் அதை முதலில் கேட்டார். கீழே மெஷின்களின் இரைச்சலுக்கு நடுவே நின்றிருந்த சின்னவனுக்குக் கேட்கவில்லை.

"டேய், மோட்டார நிறுத்துடா! காத்து இழுக்குது. உள்ள காயில் எரிஞ்சா நீ காசு குடுப்பியா?"

சின்னவன் ஓடிப்போய் சுவிட்சை அணைத்துவிட்டுக் கிணற்றை எட்டிப் பார்த்தான். எப்போதும் முகம் தெரிகிற ஆழத்தில் ஈரமான பாறைதான் தெரிந்தது. அதற்கும் கீழே, குழாயின் காலடியில், தண்ணீர் ஒடுங்கிக் கிடந்தது. கொஞ்ச நேரம் விட்டால் ஊறும், இறைத்தால் ஓடிவிடும், மறுபடி ஊறும். சலவைக்கூடம் அப்படி நின்று நின்று ஓடுகிற தொழில் இல்லை.

வீடு மேலே, கூடம் கீழே. உள்ளே நுழைந்தால் ஈரமும் சூடும் சேர்ந்து சட்டையை முதுகோடு ஒட்டவைக்கும். ஒரு மூலையில் பாய்லர், அதையடுத்து வயிறு பெருத்த துவைப்பு மெஷின்கள், துணி பிழிகிற மெஷின், ஆவியில் சூடேறும் இஸ்திரி உருளை, வாசல் பக்கம் நீளமான மடிப்பு மேசை. அந்த மேசையை நடத்துகிறவளுக்கு மடிப்பக்கா என்றே பெயர் ஆகிவிட்டது. பின்பக்கச் சன்னலோரம் அண்ணியின் தையல் மெஷின். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளில் கிழிசல் விழுந்ததெல்லாம் அங்கே வரும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அண்ணி அந்தச் சன்னலோரம்தான் உட்கார்ந்திருக்கிறாள். அதிகம் பேசமாட்டாள். பேசினாலும் தைக்கிற மெஷினை நிறுத்தமாட்டாள்.

கூடத்தை நிர்வாகம் பண்ணியது அண்ணன்தான். சோப்பு நுரையில் கால் வழுக்கி விழுகிறவரை அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. பெரிய மனசுக்காரர், பெரிய குரல்காரர். தண்ணீர் விஷயத்தில் மனசு இன்னும் பெரிது. "தண்ணிக்குக் கணக்குப் பாக்கிறவன் வெள்ளத்துணியத் தொடவே கூடாது" என்பார். குழாயை முழுக்கத் திறந்துவிட்டுத் தரையெல்லாம் ஓடினால்தான் அவருக்குத் துவைத்த மாதிரி இருக்கும். அவர் துவைத்த துணியைக் குறை சொன்னவர்களும் கிடையாது.

இப்போது அவர் மாடியில். கூடம் சின்னவன் கையில். வண்டி ஓட்டுவதும் ஆஸ்பத்திரியில் கையெழுத்து வாங்குவதும்தான் அதுவரை அவன் வேலை.

லாரித் தண்ணீர் வாங்கலாமென்று விசாரித்தான். மாதிரிக்கு வந்ததைப் பாய்லர்காரர் உள்ளங்கையில் ஊற்றி நாக்கில் தொட்டுப் பார்த்துத் துப்பினார்.

"உப்புக் கரிக்குது சின்னவரே. இத உள்ள விட்டா குழாயெல்லாம் சுண்ணாம்பா அடைச்சுக்கும். அப்புறம் பாய்லர் வெடிச்சா என்னையும் சேத்துத்தான் தேடணும். நான் விடமாட்டேன்."

அப்படியானால் இருப்பதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். எங்கே குறைப்பது? சின்னவனுக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. சோப்பில் துவைத்த பிறகு ஒவ்வொரு தடவையும் மூன்று அலசல் விடுவார்கள். அதை இரண்டாக்கினான். கண்ணுக்குத் துணி வெள்ளையாகத்தான் இருந்தது. மடிப்பக்கா மட்டும் விரிப்பை விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தாள்.

"சின்னவரே, துணி கையில வழவழங்குது."

"புதுச் சோப்புக்கா. அப்படித்தான் இருக்கும்."

சோப்பு பழைய சோப்புதான். அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் மடித்தாள்.

அந்த வாரமே ஆஸ்பத்திரியில் நர்சுகளுக்குத் தலைமையான மேட்ரன் அவன் வண்டியை வாசலிலேயே நிறுத்தினார். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கும் கனத்த அம்மாள். அவனைப் பிரசவ வார்டுக்குக் கூட்டிப்போனார். பிறந்து சில நாளான ஒரு குழந்தையைத் திருப்பி முதுகைக் காட்டினார். எறும்பு கடித்தாற்போல் முதுகு முழுக்கச் சிவந்து தடித்திருந்தது. பக்கத்துக் கட்டிலிலும் அப்படியே.

"நான் உங்ககிட்ட துணி கேட்டேன் தம்பி. சோப்பையும் உள்ள வச்சு மடிச்சுத் தாங்கன்னு கேட்டேனா?"

சின்னவன் இழுத்தான். "தண்ணி கொஞ்சம்…"

"உங்க வீட்டுத் தண்ணி இந்தக் குழந்தைக்குத் தெரியுமா? மொத்தத்தையும் எடுத்துக்கிட்டுப் போங்க. இன்னொரு தடவ இப்படி வந்தா நான் வேற ஆளப் பாத்துக்குவேன். உங்கண்ணன் முகத்துக்காகத்தான் இந்த ஒரு தடவ."

துணி கொடுத்துவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பினால் மேட்டில் குதித்து வரும், பாரத்தோடு வந்தால் முனகும். முனகல் கேட்டதுமே அண்ணன் மாடியிலிருந்து கூவினார்.

"துணியத் திருப்பி அனுப்பிட்டாங்களா? என் துணியவா?"

சின்னவன் மேலே போய்க் குழந்தையின் முதுகைப் பற்றிச் சொன்னான். அலசலைக் குறைத்ததையும் சொன்னான். அண்ணன் திட்டுவார் என்று எதிர்பார்த்தான். அவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது. சுவரைப் பார்த்தபடியே, "மழை வர்றவரைக்கும் கூடத்த மூடிடு. கெட்ட பேரு வாங்குறதுக்குப் பட்டினி கெடக்கலாம்" என்றார்.

கீழே மடிப்பு மேசைப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு நின்றார்கள். மாடிப் பேச்சு கீழே நன்றாகவே கேட்கும். மூடினால் அண்ணன் குடும்பம் எப்படியோ தாக்குப்பிடிக்கும். இந்தப் பெண்கள் எங்கே போவார்கள்? மடிப்பக்கா சாப்பாட்டுப் பாத்திரத்தைப் பைக்குள் வைத்து, மறுபடி வெளியே எடுத்து, மறுபடி உள்ளே வைத்தாள்.

தையல் மெஷின் நின்றது. அண்ணி எழுந்து வந்தாள்.

"தம்பி, மொதல்ல அலசல மூணாவே வைங்க. திரும்பி வந்த மொத்தத்தையும் மறுபடி போடுங்க."

"தண்ணிக்கு எங்க அண்ணி போறது? அண்ணன் மூடச் சொல்லிட்டாரு."

"மழை வர்றவரைக்கும்னுதான சொன்னாரு? மழை எப்ப வரும்னு அவருகிட்ட யாராவது சொல்லிட்டாங்களா? கிணத்துல ஊறுற வரைக்கும் பொறுத்துப் பொறுத்து இறைங்க. இன்னிக்கு இது மட்டும் முடிஞ்சாப் போதும். எனக்கு ஒரு ஸ்டூல் மட்டும் குடுங்க."

ஸ்டூலைக் கொண்டுபோய்ப் பின்பக்கம் சாக்கடைக் கால்வாயை ஒட்டிப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, கையில் ஒரு பழைய கண்ணாடி ஜாடியோடு. மெஷின் ஒவ்வொரு தடவை தண்ணீரைக் கக்கும்போதும் ஜாடியில் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, கொட்டினாள். அண்ணனைக் காலொடித்துப் படுக்கவைத்த காலம் அண்ணியையும் ஏதோ செய்துவிட்டது என்று சின்னவன் நினைத்தான்.

மத்தியானம் அவனைக் கூப்பிட்டாள். ஜாடியை நீட்டினாள்.

"இது என்ன தண்ணி சொல்லுங்க."

"கிணத்துத் தண்ணி."

"கடைசி அலசல் தண்ணி. இப்பத்தான் சாக்கடையில விட்டீங்க."

அவன் மோந்து பார்த்தான். சோப்பு வாடை இருக்கிற மாதிரியும் இல்லாத மாதிரியும் இருந்தது.

"மொத அலசல் தண்ணி கறுப்பு. ரெண்டாவது சாம்பல். மூணாவதுல நுரைகூட இல்ல. நான் சன்னலோரம் உக்காந்து இத்தன வருஷமா இதப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன், ஆனா பாக்கல. அடுத்து வர்ற அழுக்குத் துணிக்கு மொதல்ல சோப்புப் போடத் தண்ணி வேணுமே, அதுக்கு இது ஆகாதா? அழுக்கு எடுக்க இது. அலசுறதுக்குப் புதுசு. அலசல்ல மட்டும் கைவைக்கவே கூடாது."

பாய்லர்காரர் வேலையைவிட்டு வந்து நின்றுகொண்டிருந்தார். தலையைச் சொறிந்தார்.

"அதச் சொல்லப்போனா, அந்த ஆவி போற குழாயையும் பாருங்கம்மா. உருளை சூடான பின்னால ஆவி தண்ணியாயி வெளிய சொட்டுது பாருங்க. சுத்தமான சுடுதண்ணி. திருப்பி பாய்லருக்கே விடலாம். தண்ணியும் மிச்சம், விறகும் மிச்சம்."

"முன்னாலயே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேனே. பெரியவரு, 'என்னை என்ன பிச்சைக்காரன்னு நெனச்சியா'ன்னாரு. அதோட விட்டுட்டேன்."

கடைசி அலசல் தண்ணீரைச் சேர்த்துவைக்க, மொட்டைமாடியில் சும்மா கிடந்த பழைய பிளாஸ்டிக் தொட்டியை இறக்கினார்கள். அடுத்த நாள்கள் முழுக்கக் குழாய் அறுப்பதும் ஒட்டுவதும்தான். பாய்லர்காரர் அறுக்க, சின்னவன் பிடிக்க, அண்ணி எதிரே நின்று, "இன்னும் கொஞ்சம் சாய்க்கணும், தண்ணி தானா இறங்கணும்" என்றாள். முதல் நாள் இணைப்பு பிய்த்துக்கொண்டு மூன்று பேரையும் நனைத்தது. மடிப்பக்கா மேசைக்கு அந்தப் பக்கமிருந்து, "தண்ணி மிச்சம் பிடிக்கிறீங்களா, குளிக்கிறீங்களா?" என்று கேட்டதில் பல நாளைக்குப் பிறகு கூடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

ஆனாலும் போதவில்லை. கிணறு சாயங்காலத்துக்குள் ஓய்ந்துவிட்டது. அண்ணி தைக்க வந்த கிழிசல்களைப் புரட்டிக்கொண்டே இருந்தாள்.

"தம்பி, இந்த விரிப்பெல்லாம் ஏன் இப்படி இத்துப்போகுது தெரியுமா? ரெண்டு தடவ மூணு தடவ துவைக்கிறோம். ரத்தக்கறை போகலன்னு மறுபடி. மறுபடியும் போகலன்னு பிளீச்சிங். அந்தத் தண்ணிய யாரு கணக்குல சேத்தா?"

"கறை போகலன்னா என்ன பண்றது?"

"போகாம பண்றதே நாமதான. எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டிச் சுடுதண்ணிய விடுறோம். சுடுதண்ணி பட்டா ரத்தம் துணியோட உறவாடிக்கும். ரத்தம் பட்டதத் தனியா எடுத்துப் பச்சத்தண்ணியில போட்டு வச்சா ஒரே துவைப்புல போயிடும். மூட்டையிலேயே பிரிஞ்சு வந்தா நல்லது."

"ஆஸ்பத்திரியில பிரிக்கவா? மேட்ரன்கிட்ட யாரு கேக்குறது?"

"நீங்க வண்டி ஓட்டுங்க. நான் கேக்குறேன்."

மறுநாள் அண்ணி இஸ்திரி போட்ட புடவையில் வண்டியேறினாள். மேட்ரன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்க வேலையக் குறைக்க என் ஆளுங்க வேலை செய்யணுமா? நல்லா இருக்கே நியாயம்."

"உங்க ஆளுங்களுக்குக் கூடுதலா வேலை இல்லம்மா. இப்ப ஒரு மூட்டையில போடுறத ரெண்டு மூட்டையில போடணும். அவ்வளவுதான்."

"எதையாவது துவைக்காமலேயே மடிச்சுக் குடுத்துருவீங்க. எனக்குத் தெரியாதா?"

"ஒரு துணி விடாம எல்லாத்தையும் துவைச்சுத்தான் தருவோம். ஆனா ரத்தம் பட்டதுக்கும் வேர்வை பட்டதுக்கும் ஒரே வைத்தியம் எதுக்கும்மா? நீங்க ஜுரக்காரருக்கும் எலும்பு முறிஞ்சவருக்கும் ஒரே மருந்தா குடுக்குறீங்க?"

மேட்ரன், தூரத்தில் ஒரு ஆயா தரையெல்லாம் இழுத்துக்கொண்டு போன மூட்டையைப் பார்த்தார். பிறகு கேட்டார், "அந்தக் குழந்தைக்கு மாதிரி இன்னொரு குழந்தைக்கு ஆகாதுன்னு யாரு பொறுப்பு?"

"நான்தான். குழந்தைத் துணி ஒவ்வொண்ணையும் நானே மோந்து பாத்துத்தான் கட்டுவேன்."

"சரி. ரெண்டு நிறத்துல மூட்டைத்துணி தைச்சுக் குடுங்க. என் ஆளுங்களுக்கு எழுத்துப் படிக்க நேரம் இருக்காது. நிறம்னாப் புரியும்."

அது மேட்ரனின் யோசனை. திரும்பும் வழியெல்லாம் அண்ணி அதையே சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். "என்ன மூளை பாருங்க தம்பி! நமக்குத் தோணலையே." மேட்ரன் முன்னால் நின்ற அவளை நினைத்துச் சின்னவன் மாய்ந்துகொண்டிருந்தான். அவன் தண்ணீரைக் குறைக்கப் புறப்பட்டுத் துணியைக் கெடுத்தான். அவளோ துணியைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்தாள், தண்ணீர் தானாகக் குறைந்தது.

பிறகு நடந்ததெல்லாம் மெதுவாகத்தான் நடந்தது. வேர்வைத் துணி பழுப்பிலும் ரத்தம் பட்டது நீலத்திலுமாக மூட்டைகள் வந்தன. முதலில் மாறி மாறிக் கட்டினார்கள், பிறகு சரியாயிற்று. மறுதுவைப்பு அபூர்வமாயிற்று. பாய்லர்காரரின் விறகு அடுக்கு சீக்கிரம் கரையவில்லை. கிழிசல் குறைந்ததால் தையல் மெஷின் பாதிப் பொழுது மூடியே கிடந்தது. முக்கியமாக, கிணற்றில் மோட்டார் காற்றை இழுப்பது நின்றது. ஊறுகிற தண்ணீரும் இறைக்கிற தண்ணீரும் ஒன்றுக்கொன்று சரியாக இருந்தன. யாரையும் வீட்டிலிருக்கச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அண்ணனிடம் மட்டும் யாரும் எதையும் சொல்லவில்லை. கூடம் மூடவில்லை என்பது அவருக்குத் தெரியும், மெஷின் சத்தம் கேட்கிறதே. கிணறு கொஞ்சம் ஊறியிருக்கிறது என்று சொல்லி வைத்திருந்தார்கள். ஒருநாள் காலை காபி கொண்டுபோன சின்னவனை அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"உண்மையச் சொல்லு. என்ன பண்றீங்க கீழ?"

"என்ன பண்றோம்? துவைக்கிறோம்."

"என் சன்னலுக்குக் கீழதான் சாக்கடை. நான் இந்த வீட்டுல அந்தச் சத்தத்துலதான் தூங்குறேன். இப்ப மெஷின் சத்தம் மட்டும் கேக்குது, தண்ணி போற சத்தம் முன்ன மாதிரி கேக்கல. தண்ணி இல்லாம எப்படிடா துவைப்பீங்க? வெறும் மெஷின ஓட்டி எனக்கு நாடகம் காட்டுறீங்களா?"

அண்ணி கதவருகில் நின்றிருந்தாள். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். தொட்டியைச் சொன்னதும் அண்ணன் முகம் சிவந்தது.

"சாக்கடைக்குப் போற தண்ணியில என் துணியத் துவைக்கிறியா? ஏ இவளே, ஊருக்குத் தெரிஞ்சா மூஞ்சியில காறித் துப்புவாங்க! மேட்ரனுக்குத் தெரியுமா?"

"தெரியும். வந்து தொட்டியப் பாத்துட்டுப் போனாங்க."

"எனக்குத் தெரியாது, மேட்ரனுக்குத் தெரியும். என்னத் தூக்கிட்டுப் போங்கடா கீழ!"

நாற்காலியில் உட்காரவைத்துச் சின்னவனும் பாய்லர்காரரும் படியிறக்கினார்கள். மாவுக்கட்டுக் கால் முன்னால் பீரங்கி மாதிரி நீட்டிக்கொண்டிருக்க, "சுவத்துல இடிக்காதீங்கடா, மெல்ல, மெல்ல" என்று கத்திக்கொண்டே அவர் கூடத்துக்குள் வந்தார். மேசைப் பெண்கள் எழுந்து நின்றார்கள்.

அடுக்கின் மேலேயிருந்த விரிப்பை மடிப்பக்கா எடுத்து நீட்டினாள். அவர் அதைத் தள்ளிவிட்டு நடுவிலிருந்து ஒன்றை உருவினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கன்னத்தில் தேய்த்தார். ஓரத்தை நாக்கில் வைத்துப் பார்த்தார். இன்னொன்றை உருவினார், இன்னொன்றை. குழந்தைத் துணிகளைக் கேட்டு வாங்கி முகத்தோடு சேர்த்து மூச்சை இழுத்தார்.

"தொட்டியக் காட்டு."

நாற்காலியைத் தொட்டியருகில் நகர்த்தியதும் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு அடிவரை கையைவிட்டுத் துழாவினார். வெளியே எடுத்தபோது விரல்களில் பஞ்சு மாதிரி நூல்தூசி சுற்றியிருந்தது. அதை அண்ணியின் முகத்துக்கு நேரே காட்டினார்.

"இது என்ன?"

அண்ணியின் முகம் வாடியது. "நூலு. அத நான் யோசிக்கல."

"இது அடியில தங்கினா நாலு நாள்ல நாறும். நாறுச்சுன்னா துணிக்கும் ஏறும். உள்ள விழுற குழாய் வாயில மல்துணி கட்டு. தெனம் சாயங்காலம் தொட்டியத் திறந்துவிட்டு நல்ல தண்ணி ஊத்தித் தேய்ச்சுக் கழுவு. அதுல மிச்சம் பிடிக்காத." கையை உதறினார். "மத்தபடி…"

எல்லாரும் காத்திருந்தார்கள்.

"மத்தபடி துணி நல்லா இருக்கு," என்றார் தொட்டியைப் பார்த்துக்கொண்டே. "முன்னாடியவிட மெத்துன்னு இருக்கு. பிளீச்சிங் படல, அதான்." பிறகு சின்னவன் பக்கம் திரும்பி, "என்னடா பாக்குற? மறுபடி மாடிக்குத் தூக்கலாம்னு பாக்குறியா? நாற்காலிய வாசல்ல போடு. மூட்டைய நான் பிரிக்கிறேன்" என்றார்.

அன்றிலிருந்து மூட்டை பிரிக்கிற வேலை அவருடையதாயிற்று. பழுப்பு மூட்டைக்குள் ஒரே ஒரு கறைத்துணி தவறி வந்திருந்தாலும் தெருவே கேட்கும்.

வெயில் இன்னும் தணியாத ஒரு காலையில் அவர் அப்படி உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. பக்கத்தில் இன்னொரு ஆஸ்பத்திரி. அவர்களுக்குத் துவைத்துக்கொண்டிருந்த கூடம் கிணறு வற்றி மூடிவிட்டதாம். விரிப்பில்லாமல் நோயாளிகளை வெறும் ரெக்சின் மெத்தையில் படுக்கவைத்திருக்கிறார்களாம். மேட்ரன்தான் இந்த நம்பரைக் கொடுத்தாராம். எடுத்துக்கொள்ள முடியுமா?

சின்னவன் கிணற்றை நினைத்தான். அண்ணன் என்ன சொல்வார் என்பதும் அவனுக்குத் தெரியும். தொழில் விஷயத்தில் அவர் யாரையும் கேட்டதில்லை. ஆகும் என்றால் ஆகும், ஆகாது என்றால் ஆகாது, பட்டென்று சொல்லிவிட்டுத்தான் மூச்சு விடுவார். கேட்டுச் சொல்கிறேன் என்பவர்களைப் பார்த்துச் சிரிக்கிற மனிதர்.

அண்ணன் போனைக் காதில் வைத்தபடியே கூடத்துக்குள் திரும்பிப் பார்த்தார். அண்ணி முழங்கை வரை நனைந்து, குழாய் வாயிலிருந்த மல்துணியை அவிழ்த்து உதறிக்கொண்டிருந்தாள்.

"ஒரு நிமிஷம் இருங்கம்மா," என்றார் போனில். குரல் வழக்கத்தைவிடத் தணிந்திருந்தது. "வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்."

அண்ணி மல்துணியைத் தொட்டி விளிம்பில் போட்டுவிட்டு, ஈரக்கையோடு கிணற்றடிக்குப் போனாள். குனிந்து உள்ளே பார்த்தாள். கூடமே அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தது. திரும்பி வந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"வரச் சொல்லுங்க," என்றாள். "பிரிச்சுக் கட்டித்தான் அனுப்பணும்னும் சொல்லிடுங்க."